பெயரை நீக்கினால் போதுமா? மருத்துவப் பதிவுகள், ஆய்வு, நோயாளியின் அந்தரங்கம்

1. பதிவின் இரண்டாம் பயன்

மருத்துவப் பதிவு சிகிச்சைக்காக எழுதப்படுவது. ஓ.பி. சீட்டு, உள்நோயாளியின் கேஸ் ஷீட், ஆய்வுக்கூட முடிவு, ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சம்மரி என்று அதற்குப் பல வடிவங்கள் உண்டு. நோயாளி வீடு திரும்பியதும் அதன் முதல் வேலை முடிகிறது. பதிவறைக்குப் போனபின் அதற்கு இன்னொரு வேலை வரலாம். ஒரு மருந்தின் பின்விளைவு பத்தாண்டு கழித்து எப்படி வெளிப்படுகிறது, பல்லாயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் எப்படிப் போகிறது, ஒரு வட்டாரத்தில் காசநோய் குறைகிறதா கூடுகிறதா என்பவற்றைத் தனியொரு மருத்துவர் தம் அனுபவத்தால் அறிய இயலாது. ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போதுதான் அவை புலப்படும்.

நோயாளி தன் உடலைப் பற்றிச் சொன்னதோ, தன்னைக் குணப்படுத்தும் மருத்துவரிடம் மட்டுமே. ஆய்வுக்கு எடுக்கும்போது அதே பதிவைப் புள்ளியியலாளர், முதுநிலை மாணவர், மென்பொருள் பொறியாளர், நிதி வழங்கும் அமைப்பின் கண்காணிப்பாளர் ஆகியோரும் பார்க்க நேரிடுகிறது. இவர்களை நோயாளி பார்த்ததே இல்லை. இவர்களிடம் எதையும் நம்பி ஒப்படைக்கவும் இல்லை. ஆய்வுக்குப் பயன்படும் அளவுக்குப் பதிவு முழுமையாக இருக்கவேண்டும். நோயாளி இன்னாரென்று தெரியாத அளவுக்கு மறைவாகவும் இருக்கவேண்டும். இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவதே இத்துறையின் கடினமான பணி.

பெயரை நீக்கிவிட்டால் அந்தரங்கம் காக்கப்பட்டுவிடும் என்ற எண்ணம் மருத்துவமனைகளில் பரவலாக உள்ளது. பெயர் நீக்கம் தேவையானது. ஆனால் அது முதற்படி மட்டுமே. பதிவு யாரிடம் இருக்கிறது, யார் அதைப் பார்க்கிறார், அதிலிருந்து எது வெளியே போகிறது என்ற ஏற்பாடுகளில்தான் காவலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இதை விளக்கப் புனே நகரமும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் பொருத்தமான களம். 1867இல் திறக்கப்பட்ட சசூன் மருத்துவமனை, 1912இல் தோன்றிய கே.இ.எம். மருத்துவமனை, 1948இல் அமைந்த ராணுவ மருத்துவக் கல்லூரி, 1952இல் வைரஸ் ஆய்வு மையமாகத் தொடங்கிப் பின்னர் தேசிய வைரவியல் நிறுவனமான ஆய்வகம், 1992இல் போசரியில் தேசிய எய்ட்ஸ் ஆய்வு நிறுவனம் (நாரி) என்ற பெயரில் நிறுவப்பட்ட ஆய்வகம், 1988 முதல் இயங்கும் சி-டாக் கணினி மையம் ஆகியவை ஒரே வட்டாரத்தில் உள்ளன. சிகிச்சையும் ஆய்வும் கணினித் தொழில்நுட்பமும் இங்கே அருகருகே இயங்குகின்றன.

2. மறைவு ஏன் வேண்டும்

1990களில் நாரி ஆய்வாளர்கள் புனேயின் பால்வினை நோய்ச் சிகிச்சையகங்களுக்கு வந்த பெண்களை ஆராய்ந்தனர். ஆர்.ஆர். கங்காகேட்கரும் பிறரும் எழுதிய கட்டுரை 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. ஆய்வில் இருந்த 916 பெண்களில் 391 பேர் பாலியல் தொழிலில் ஈடுபடாதவர்கள். பெரும்பாலும் கணவரைத் தவிர வேறு உறவு இல்லாதவர்கள். அவர்களில் 13.6 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. 'ஆபத்துப் பிரிவினர்' எனப்பட்ட சிலரின் நோய் இது என்று அதுவரை கருதியிருந்தவர்களை இந்த எண் மறுசிந்தனைக்குத் தள்ளியது. இல்லத்தரசிகளும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று சுகாதாரத் திட்டங்கள் உணர இத்தகைய ஆய்வுகள் காரணமாயின.

அந்த 391 பேரில் ஒருவரது பதிவு மட்டும் அவர் பெயரோடு வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மனைவியின் முடிவு கணவரின் நடத்தையையும் காட்டிக்கொடுக்கும். பழியோ பெரும்பாலும் மனைவிமேல்தான் விழும். வீட்டிலிருந்து வெளியேற்றப்படலாம், குழந்தையின் பள்ளிச் சேர்க்கைகூடச் சிக்கலாகலாம். ஆய்வின் நன்மை சமூகம் முழுவதற்கும் பரவலாகப் போய்ச்சேர்கிறது; கசிவின் தீமையோ ஒரே குடும்பத்தின்மேல் மொத்தமாக இறங்குகிறது. நன்மை தீமைகளைக் கூட்டிக்கழித்து 'மொத்தத்தில் நல்லது' என்று முடிவுகட்டுவது இங்கே ஏற்புடையதாகாததற்கு இதுவே காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது டபிள்யூ.சி. ரேண்டு தலைமையிலான குழு படைவீரர்களைக் கொண்டு வீடுவீடாகச் சோதனை நடத்தியது. நோயாளிகள் வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டனர். மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தனர், சாவையும் மறைத்தனர். அந்த ஆண்டு ஜூன் 22ஆம் நாள் ரேண்டு சுடப்பட்டார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கொரோனாக் காலத்தில், வீட்டுத் தனிமையில் இருக்கவேண்டியவர்களின் இடக்கையில் மகாராஷ்டிர அரசு முத்திரை குத்தியது. ஒரு மனிதரின் உடல்நிலை ஊரறியும் செய்தியாகும்போது அடுத்தவர் தம் நிலையைச் சொல்லத் தயங்குவார். அப்போது பதிவேட்டில் ஏறும் தகவலே பொய்யாகும். அந்தரங்கக் காவல் தரவின் தரத்துக்கும் காவலாக இருக்கிறது.

3. நீண்டகாலப் பதிவு: வடூவும் பிறப்புத் தொடர் ஆய்வும்

பழைய கேஸ் ஷீட்டுகளை ஒருமுறை எடுத்துப் பார்த்து முடித்துவிடும் ஆய்வில் பெயரை அறவே அழித்துவிடலாம். ஒரே மனிதரை ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆய்வில் அது முடியாது. புனேயை அடுத்த வடூ இதற்கு எடுத்துக்காட்டு. கே.இ.எம். மருத்துவமனையை வளர்த்தெடுத்தவரும் 1993இல் மகசேசே விருது பெற்றவருமான மருத்துவர் பானு கோயாஜி, 1970களில் இங்கே கிராமச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக 2002இல் ஷிரூர், ஹவேலி வட்டங்களின் 22 கிராமங்களில் மக்கள்தொகை-சுகாதாரக் கண்காணிப்பு அமைந்தது. பிறப்பு, இறப்பு, திருமணம், குடிபெயர்வு ஆகியவை குறிப்பிட்ட இடைவெளியில் வீடுவீடாகப் பதிவு செய்யப்படுகின்றன. மருத்துவச் சான்றில்லாமல் வீட்டில் நேர்ந்த சாவுகளுக்கு, உறவினரிடம் அறிகுறிகளைக் கேட்டுக் காரணத்தை ஊகிக்கும் முறையும் உண்டு.

இத்தகைய பதிவில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலையான குறியெண் இருந்தாகவேண்டும். இந்த ஆண்டு இறந்த முதியவரும் ஐந்தாண்டுக்கு முன் ரத்த அழுத்தம் அளக்கப்பட்டவரும் ஒருவரே என்று தெரிந்தால்தான் ஆய்வுக்குப் பொருள் உண்டு. எனவே பெயர் அழிக்கப்படுவதில்லை, பிரிக்கப்படுகிறது. பெயர், வீட்டு எண், தொலைபேசி எண் ஆகியவை ஒரு கோப்பிலும், நோய் விவரம் இன்னொரு கோப்பிலும் இருக்கும். இரண்டையும் இணைக்கும் குறியெண் பட்டியலே சாவி. பகுப்பாய்வு செய்பவரிடம் சாவி இருக்கக்கூடாது. சாவி வைத்திருப்பவர் பகுப்பாய்வில் ஈடுபடக்கூடாது. ஒரே கணினியின் ஒரே கோப்புறையில் மூன்றையும் வைத்துவிட்டு 'குறியெண் கொடுத்துவிட்டோம்' என்பது பெயரளவுக்கான காவல்.

புனே தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு இன்னொரு சிக்கலைக் காட்டுகிறது. மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தலைமையில் கே.இ.எம். மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவு 1993இல் ஆறு கிராமங்களில் இதைத் தொடங்கியது. கருவுறும் முன்பே பெண்களைப் பதிவுசெய்து, கர்ப்பகால ஊட்டத்தை அளந்து, பிறந்த குழந்தைகளை 6, 12, 18 வயதுகளில் மறுபடியும் ஆராய்ந்தனர். தாயின் ரத்தத்தில் வைட்டமின் பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்தால், குழந்தைக்கு இன்சுலின் எதிர்ப்பு கூடுகிறது என்று 2008இல் வெளியான முடிவு இத்தகைய இணைப்பு இல்லாமல் கிடைத்திருக்காது.

ஆனால் ஆய்வுக்கு ஒப்புதல் தந்தது தாய். தரவு யாரைப் பற்றியதோ அந்தக் குழந்தை அப்போது பிறக்கவே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் வழிகாட்டுதலின்படி, ஏழு வயது முதல் குழந்தையிடம் வாய்மொழியாகவும், பன்னிரண்டு வயதுக்கு மேல் எழுத்திலும் இசைவு கேட்கவேண்டும். பதினெட்டு நிறைந்ததும் புதிதாக ஒப்புதல் பெறவேண்டும். அந்தரங்கத்துக்கான உரிமை காலப்போக்கில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுகிறது. நீண்டகாலப் பதிவேட்டைப் பேணுவோர் இந்தக் கைமாற்றத்தைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டியிருக்கிறது.

4. அடையாளம் எங்கே ஒளிந்திருக்கிறது

அடையாளம் இருவகை. பெயர், ஆதார் எண், தொலைபேசி எண், ரேஷன் அட்டை எண், மருத்துவமனைப் பதிவெண், முகப்படம் ஆகியவை நேரடி அடையாளங்கள். வயது, பால், ஊர், தொழில், சாதி, மருத்துவமனையில் சேர்ந்த நாள் ஆகியவை மறைமுக அடையாளங்கள். இவற்றில் எதுவும் தனியாக ஒருவரைக் காட்டாது, சேர்ந்தால் காட்டிவிடும்.

இதை உலகுக்கு உணர்த்தியவர் லட்டான்யா ஸ்வீனி. 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குத் தந்தது. மாணவியாக இருந்த ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, பிறந்த நாள், பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவைக் கண்டெடுத்தார். இம்மூன்றும் சேர்ந்தால் அமெரிக்கரில் 87 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டக்கூடும் என்று பின்னர் அவர் கணித்தார். 2016இல் ஆஸ்திரேலிய அரசு சுமார் 29 லட்சம் பேரின் மருத்துவச் செலவுத் தரவை இணையத்தில் வெளியிட்டது. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் குறியெண்களை உடைத்தனர். பொதுவெளியில் தெரிந்த செய்திகளை வைத்தே நோயாளிகளையும் அடையாளம் காணமுடியும் என்று மறு ஆண்டு காட்டினர்.

மகாராஷ்டிரக் கிராமத்தில் நிலைமை வேறு. முதியோர் பலருக்குப் பிறந்த நாள் தெரியாது. பள்ளியில் சேர்த்தபோது எழுதிய ஜூன் 1ஆம் தேதியே பலருக்குப் பிறந்த நாளாக நிற்கிறது. இந்திய அஞ்சல் குறியீடு ஒன்றுக்குள் சராசரியாக ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் அடங்குவர். இந்த இரண்டும் மறைவுக்குச் சாதகம். பாதகமானவையும் உண்டு. மராத்திப் பெயரில் சொந்தப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என மூன்று உறுப்புகள் உள்ளன. முதல் உறுப்பை மட்டும் நீக்கினால் குடும்பம் அப்படியே தெரியும். சாதியும் பல வேளைகளில் தெரியும்.

வாக்காளர் பட்டியல் இங்கே பொது ஆவணம். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பால், வீட்டு எண் எல்லாம் அதில் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட ஒரு வாக்குச்சாவடிப் பட்டியலில் பெண்கள் ஐந்நூறு பேர் என்று கொள்வோம். அவர்களைப் பதினெட்டிலிருந்து எண்பது வரை வயதுவாரியாகப் பிரித்தால், ஒரு வயதுக்குச் சராசரியாக எட்டுப் பேர். 'இரட்டைக் குழந்தை பெற்றவர்' என்றோ 'பள்ளி ஆசிரியை' என்றோ இன்னொரு விவரம் சேர்ந்தால் எட்டு ஒன்றாகிவிடும்.

பட்டியல்கூடத் தேவையில்லை. மறைப்பை உடைப்பவர் எங்கோ இருக்கும் கணினித் திருடர் என்று நினைத்துக் காவல் அமைப்பது வழக்கம். கிராமத்திலும் நகரத்துப் பேட்டையிலும் நோயாளியை முதலில் அடையாளம் காணக்கூடியவர் அடுத்த வீட்டுக்காரரே. யார் எந்த மாதம் மருத்துவமனையில் கிடந்தார் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். என்ன நோய் என்பது மட்டுமே தெரியாது. பெயர் நீக்கிய அட்டவணை அந்த ஒரு கட்டத்தை நிரப்பிக் கொடுத்துவிடும்.

5. மறைக்கும் முறைகள்

முதல் முறை, நேரடி அடையாளங்களை அகற்றுவது. அமெரிக்காவின் ஹிப்பா என்னும் மருத்துவ அந்தரங்க விதிகள் நீக்கவேண்டிய 18 இனங்களைப் பட்டியலிடுகின்றன. ஆண்டு தவிர்த்த எல்லாத் தேதிகளும், 89க்கு மேற்பட்ட வயதும் அதில் அடக்கம். தொண்ணூற்றைந்து வயதுக்காரர் ஓர் ஊரில் ஒருவர்தான் இருப்பார் என்பதால் அந்த வயது அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது முறை, விவரத்தைப் பருமனாக்குவது. வயது 37 என்பதற்குப் பதில் 35-39. கிராமத்துக்குப் பதில் வட்டம். தேதிக்குப் பதில் காலாண்டு. தேதிகளுக்கிடையே உள்ள இடைவெளி ஆய்வுக்கு முக்கியமானால், ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு முன்னோ பின்னோ நகர்த்தலாம். இடைவெளி மாறாது, உண்மைத் தேதி மறையும். மறைமுக விவரங்களின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் குறைந்தது இத்தனை பேர் இருக்கும்படி பார்த்துக்கொள்வதை ஸ்வீனி 'கே-அனானிமிட்டி' என்று வரையறுத்தார். இதற்கும் ஓட்டை உண்டு. ஒரு சேர்க்கைக்குள் வரும் ஐந்து பேருக்கும் எச்.ஐ.வி. இருந்தால், அவர்களில் யார் என்று தெரியாமலே ஐவரின் நோயும் தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு குழுவுக்குள்ளும் நோய் விவரம் பலவாக இருக்கவேண்டும் என்ற கூடுதல் விதி பின்னர் வந்தது.

மூன்றாவது முறை, வெளியிடும் அட்டவணைகளில் சிறு எண்களை மறைப்பது. அமெரிக்க முதியோர் காப்பீட்டுத் தரவில் ஒன்று முதல் பத்து வரையான எண்கள் அச்சிடப்படுவதில்லை. ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டுக் கூட்டுத்தொகையைக் காட்டினால் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்கவேண்டும். நான்காவது, முடிவுகளில் கணக்கிட்ட அளவில் தற்செயல் பிழையைக் கலப்பது. 2006இல் சிந்தியா ட்வொர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்த இந்தக் கணித முறையில், ஒருவருடைய பதிவு தொகுப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியாகும் விடை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்படி செய்யப்படுகிறது. சிறு தொகுப்புகளில் இந்தப் பிழை உண்மையையே மூழ்கடித்துவிடும் என்பது இதன் குறை.

எண்கள் அல்லாத பதிவுகள் இன்னும் சிக்கலானவை. மருத்துவர் கையால் எழுதும் குறிப்பில் 'ஊராட்சித் தலைவரின் மருமகள்' என்று ஒரு சொல் விழுந்திருக்கலாம். ஸ்கேன் படத்தின் கோப்புக்குள் நோயாளியின் பெயரும் பிறந்த நாளும் எழுதப்பட்டிருக்கும். படத்தின் மூலையிலும் பொறிக்கப்பட்டிருக்கும். தலையின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து முகத்தையே மீட்டுருவாக்க முடியும். மரபணு வரிசையை முழுமையாக மறைக்கவே இயலாது. அது ஆளின் அடையாளம் மட்டுமன்றி, ஒப்புதல் தராத உடன்பிறந்தாரின் அடையாளமும் ஆகும். இந்தியர் பத்தாயிரம் பேரின் மரபணு வரிசைகளைத் திரட்டிய ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டபோது, அது யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைக்கப்படவில்லை. விண்ணப்பித்து ஒப்புதல் பெறுவோருக்கே கிடைக்கும்படி அமைக்கப்பட்டது.

கலைச்சொற்களைச் சீராக்குவதும் மறைப்புக்கு உதவும். புனே சி-டாக்கில் இயங்கும் மின்னணுச் சுகாதாரப் பதிவுத் தரங்களுக்கான தேசிய வள மையம், ஸ்னோமெட் சி.டி. போன்ற குறியீட்டு முறைகளை இந்திய மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. கட்டற்ற குறிப்பு குறியீடாக மாறும்போது தற்செயலாக நுழைந்த பெயர்கள் உதிர்ந்துவிடும். அதே வேளையில் குறியீடு மிக நுட்பமாக இருந்தால், அரிய நோயின் குறியீடே நோயாளியின் அடையாளமாகிவிடும்.

6. முழு மறைப்பின் விலை

இந்தியாவில் 1998 முதல் நாடு தழுவி நடந்த எச்.ஐ.வி. கண்காணிப்பு, முழு மறைப்பின் பெரிய சோதனைக்களம். நாரி அதன் வட்டார மையங்களுள் ஒன்று. கர்ப்பிணிகளிடம் சிபிலிஸ் சோதனைக்காக எடுத்த ரத்தத்தில் மிஞ்சியதை, பெயரும் பதிவெண்ணும் முற்றாக நீக்கி, வயது, கல்வி போன்ற சில விவரங்களோடு மட்டும் எச்.ஐ.வி.க்குச் சோதித்தனர். சோதனைக்கு வர மறுப்பவர்களால் கணக்கு கோணலாவதை இம்முறை தவிர்த்தது. யார் என்று யாருக்கும் தெரியாததால் கசிவுக்கும் இடமில்லை.

ஆனால் தொற்று இருப்பது தெரிந்தும், அந்தப் பெண்ணிடம் சொல்ல வழியில்லை. சிகிச்சை கிடைக்காத காலத்தில் இது பெரிய குறையாகத் தோன்றவில்லை. 2004இல் அரசே இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபின், தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதைத் தடுக்க முடியும் என்றானபின், மறைப்பின் விலை கூடியது. தொற்றை அறிய விரும்புவோருக்குப் பெயரோடு கூடிய தனிச் சோதனை வசதி அருகிலேயே இருக்கவேண்டும் என்பது இதற்குத் தரப்பட்ட விடை. எந்த அளவு மறைப்பது என்பதை மருத்துவத்தில் என்ன செய்ய முடிகிறது என்பதும் தீர்மானிக்கிறது. சாவியை அழிப்பதா, பூட்டி வைப்பதா என்று முடிவெடுக்குமுன், 'நோயாளிக்குச் சொல்லியாகவேண்டிய செய்தி ஏதும் இதில் வெளிப்படுமா' என்ற கேள்விக்கு விடை காணவேண்டும்.

7. ஒப்புதலும் நெறிமுறைக் குழுவும்

ஐ.சி.எம்.ஆர். 1980இல் முதல் கொள்கை அறிக்கையை வெளியிட்டு, 2000, 2006 ஆண்டுகளில் விரித்து, 2017இல் தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களாக வகுத்தது. எந்த ஆய்வும் தொடங்கும்முன் நெறிமுறைக் குழுவின் இசைவு வேண்டும். குழுவின் தலைவர் அந்த நிறுவனத்தைச் சாராதவராக இருக்கவேண்டும். மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவர், சமூக அறிவியலாளர், மருத்துவம் சாராத பொதுமனிதர் ஆகியோரும் இருப்பர். 'நம் ஊரில் இதைப் படித்தால் யாரென்று தெரிந்துவிடுமே' என்று சொல்லக்கூடியவர் அந்தப் பொதுமனிதர். அந்தரங்கம் பற்றிய பரிசீலனையில் அவர் இருக்கை அலங்காரத்துக்கானதன்று.

பழைய பதிவுகளை ஆராயும்போது ஒவ்வொரு நோயாளியையும் தேடி ஒப்புதல் பெறுவது பெரும்பாலும் இயலாது. பலர் முகவரி மாறியிருப்பர், சிலர் இறந்திருப்பர். கிடைத்தவர்களிடம் மட்டும் கேட்டால் ஆய்வு ஒருபக்கமாகச் சாயும். எனவே ஆபத்து மிகக் குறைவாக, அடையாளம் நீக்கப்பட்டு, ஒப்புதல் பெற்று ஆய்வு நடத்தவே முடியாது என்ற நிலையில் குழு விலக்குத் தரலாம். விலக்குத் தருவது குழுவின் அதிகாரம். ஆய்வாளர் தாமே எடுத்துக்கொள்வதற்கில்லை. மருத்துவமனையில் சேரும்போது கையெழுத்து வாங்கும் பொதுப் படிவத்தின் அடியில் 'ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தலாம்' என்று ஒருவரி சேர்த்துவிடுவது ஒப்புதல் ஆகாது. வலியோடு வந்தவர் அப்போது எதிலும் கையெழுத்திடுவார்.

தனி நோயாளியைப் பற்றிய கட்டுரைகளுக்கு 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் பொருந்தும். அடையாளம் தெரியும் வகையில் படத்தையோ நோய்வரலாற்றையோ அனுமதியின்றி வெளியிடக்கூடாது. அடையாளம் தெரியாவிட்டால் அனுமதி தேவையில்லை என்பது விதி. கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்த படம் அடையாளம் மறைத்ததாகாது என்பதே இன்றைய மருத்துவ இதழ்களின் நிலை.

8. சட்டம்

1998இல் எச்.ஐ.வி. நிலை தொடர்பான வழக்கொன்றில், மணக்கவிருக்கும் பெண்ணின் உயிர்நலன் குறுக்கே வரும்போது நோயாளியின் இரகசியம் முழுமையான உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது குறிப்பிட்ட ஒருவரைக் காக்கும் விதிவிலக்கு. ஆய்வுக்கு அந்த வாதம் பொருந்தாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், சோதனைக்கும் ஆய்வுக்கும் அறிந்து தரும் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. யாரையும் அடையாளம் காட்டாத புள்ளிவிவரத்துக்கு விலக்கு அளித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக்கியது.

2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லாத் துறைக்கும் பொதுவானது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்க இடமுண்டு. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி இதன் பெரும்பகுதி 18 மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வரும். மருத்துவ ஆய்வாளர் இதில் மூன்று செய்திகளைக் கவனிக்கவேண்டும். முதலாவது, ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் சட்டம் விலக்கு அளிக்கிறது. தனிமனிதர் ஒருவரைப் பற்றிய முடிவுக்குத் தரவைப் பயன்படுத்தக்கூடாது, வகுக்கப்பட்ட தரங்களைப் பின்பற்றவேண்டும் என்பவை அதற்கு நிபந்தனைகள். இரண்டாவது, 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவப் பதிவை 'நுண்ணுணர்வுத் தரவு' என்று தனியே வகைப்படுத்தின. புதிய சட்டத்தில் அந்தத் தனிவகை இல்லை. மூன்றாவது, சட்டம் கணினித் தரவுக்கும் கணினியில் ஏற்றப்பட்ட தரவுக்கும் மட்டுமே உரியது. பதிவறையில் துணியில் கட்டிவைத்த காகிதக் கேஸ் ஷீட்டைத் தொழில் நெறிகளும் நெறிமுறைக் குழுவும்தான் காக்கவேண்டும்.

2021இல் நாடு முழுவதற்கும் விரிந்த ஆயுஷ்மான் பாரத் எண்ணிமத் திட்டத்தில் நோயாளிக்கு 14 இலக்க ஆபா எண் தரப்படுகிறது. பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நோக்கமும் கால அளவும் குறித்து நோயாளி தரும் ஒப்புதலின்பேரில் பகிரப்படும். மையக் கிடங்கு இல்லாதது நல்லது. ஆனால் வெவ்வேறு மருத்துவமனைப் பதிவுகளை ஒரே எண்ணால் இணைக்க முடிவதால், அந்த எண்ணை ஆய்வுக் கோப்புகளிலிருந்து நீக்குவது முன்னைவிட இன்றியமையாதது.

9. காவலின் நடைமுறை

2016இல் மும்பை ஆய்வுக்கூடம் ஒன்றின் ஏறத்தாழ 43,000 பரிசோதனை முடிவுகள் இணையத்தில் எவரும் பார்க்கும்படி கிடந்தன, எச்.ஐ.வி. முடிவுகளும் அவற்றில் இருந்தன. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, பல நாள் காகிதத்தில் வேலை நடந்தது. லண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனை, சிறுநீரகப் பாதிப்பை முன்னறியும் செயலிக்காக 16 லட்சம் நோயாளிகளின் பதிவுகளைப் பெயரோடு டீப்மைண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது சட்டமீறல் என்று 2017இல் பிரிட்டனின் தகவல் ஆணையம் கண்டது. இவற்றில் எதுவும் கணித நுட்பத்தால் மறைப்பை உடைத்ததன் விளைவு அன்று. திறந்துகிடந்த கதவு, காக்கப்படாத கணினி, அளவுக்கு மீறிக் கொடுத்த தரவு ஆகியவையே காரணங்கள்.

மருத்துவக் கல்லூரிகளில் கசிவு இன்னும் எளிய வழிகளில் நேர்கிறது. முதுநிலை மாணவர் ஆய்வேட்டுக்காகக் கேஸ் ஷீட்டைக் கைப்பேசியில் படமெடுக்கிறார்; பெயரோடு எக்செல் அட்டவணை தயாராகிறது; அது வாட்ஸ்அப்பில் வழிகாட்டிக்குப் போகிறது; படிப்பு முடிந்தபின்னும் கைப்பேசியிலேயே கிடக்கிறது. இதைத் தடுக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பதிவறை ஊழியரே தேவையான விவரங்களை மட்டும் குறியெண்ணோடு எடுத்துக் கொடுக்கலாம். கேட்கும் ஒவ்வொரு விவரத்துக்கும் ஆய்வுக்கேள்வியோடு தொடர்பு காட்டச் சொல்லலாம். யார் எப்போது எதைப் பார்த்தார் என்ற பதிவு இருக்கவேண்டும். ஆய்வு முடிந்ததும் எது அழிக்கப்படும், எது எத்தனை ஆண்டு காக்கப்படும் என்பது திட்டத்திலேயே எழுதப்படவேண்டும்.

பெருந்தரவைப் பொறுத்தவரை, தரவை ஆய்வாளரிடம் அனுப்பாமல் ஆய்வாளரைத் தரவிடம் வரவழைப்பதே இன்று சிறந்த வழியாகக் கருதப்படுகிறது. 2020இல் பிரிட்டனில் உருவான ஓப்பன்சேஃப்லி, 1.7 கோடிப் பேரின் பதிவுகளை அவை இருந்த கணினி மையத்திலேயே வைத்து, கொரோனாச் சாவுக்கான காரணிகளை ஆராய்ந்தது. ஆய்வாளர்கள் நிரலை உள்ளே அனுப்பினர். தொகுப்பு எண்கள் மட்டும் பரிசோதிக்கப்பட்டு வெளியே வந்தன. ஓடிய நிரல்கள் யாவும் பொதுப்பார்வைக்கு வைக்கப்பட்டன. முழு அளவில் இது நம் மருத்துவமனைகளுக்கு இன்று எட்டாது. இணைய இணைப்பில்லாத ஒரு கணினி, பூட்டிய ஓர் அறை, வெளியே போகும் அட்டவணையைப் பார்த்து அனுமதிக்கும் ஓர் ஆள் என்ற அளவில் ஒரு மாவட்ட மருத்துவமனையும் இதைச் செய்யலாம்.

10. குழுவின் அந்தரங்கம்

தனிமனிதர் எவரும் அடையாளம் காணப்படாமலே ஓர் ஊர் முழுவதும் பாதிக்கப்படலாம். 'இன்ன கிராமத்தில் தற்கொலை மிகுதி', 'இன்ன சமூகத்தில் இன்ன மரபுநோய் மிகுதி' என்ற செய்தி அந்த ஊர்ப் பெண்களின் திருமணப் பேச்சையே குலைக்கும். சட்டத்தின் பாதுகாப்பு தனிநபருக்கு. ஊருக்கோ சாதிக்கோ அதில் இடமில்லை. இந்த இடைவெளியை ஆய்வு நெறியே நிரப்பவேண்டும். ஊர்ப் பெயரை வெளியிடுவது ஆய்வுக்குத் தேவையா என்று நெறிமுறைக் குழு கேட்கவேண்டும். வடூ போன்ற நீண்டகாலக் களங்களில் முடிவுகள் இதழில் அச்சேறும் முன் ஊர்மக்களோடு பேசப்படவேண்டும். பதிவேடு அவர்களைப் பற்றியது. அதன் பயனும் முதலில் அவர்களுக்குத் தெரியவேண்டும்.

சுருங்கச் சொன்னால், ஆய்வுக்கு வரும் எந்த மருத்துவப் பதிவையும் ஐந்து கேள்விகளுக்கு உட்படுத்தலாம். இந்த விவரம் இந்தக் கேள்விக்குத் தேவையா? பெயர் நீங்கினாலும் ஊரார் அடையாளம் காண்பார்களா? சாவி யாரிடம் இருக்கிறது? நோயாளிக்குச் சொல்லியாகவேண்டியது ஏதேனும் உண்டா? ஆய்வு முடிந்தபின் தரவு எங்கே போகும்? இவற்றில் முதல் இரண்டுக்கும் நான்காவதற்கும் நோயையும் ஊரையும் அறிந்தவர் விடை சொல்லலாம்; மூன்றாவதும் ஐந்தாவதும் நிறுவனத்தின் பொறுப்பு. ஐந்துக்கும் எழுத்தில் விடை இருக்கும் ஆய்வுக்கே நெறிமுறைக் குழு இசைவு தரவேண்டும்.